மணிக்கு எத்தனை சொற்கள்?

அந்த வாரம் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது ஒரு சிற்றிதழ் ஆசிரியரிடமிருந்து. ஜெர்மானியக் கலைஞர் ஒருவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் தர முடியுமா என்று கேட்டிருந்தார். பணம் தர இயலாது, ஐந்து பிரதிகள் அனுப்புவோம், அவசரமில்லை, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது, எனக்குச் சோறு போடும் மொழிபெயர்ப்பு நிறுவனத்திடமிருந்து. இனிமேல் முதல் வரைவைக் கணினியே செய்துவிடும். நான் அதைப் படித்துத் திருத்தினால் போதும். எனவே சொல்லுக்கு இதுவரை தந்துவந்த கூலியில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மணிக்கு 900 சொற்கள் என்பது 'நியாயமான எதிர்பார்ப்பு' என்றும் கடிதம் சொன்னது. இந்தக் கணக்கைப் போட்டவர் யார், எப்படிப் போட்டார் என்ற விவரம் அதில் இல்லை.

காசு தராத வேலையை முதலில் எடுத்துக்கொண்டேன். கலை ஆர்வம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது கோபம்.

கட்டுரைக்கு உரியவரின் பெயர் ஷார்லோட்டே பொசெனென்ஸ்கே. 1930இல் வீஸ்பாடனில் பிறந்து, 1985இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் இறந்தவர். ஓவியராகவும் சிற்பியாகவும் அவர் இயங்கியது சுமார் 12 ஆண்டுகள்தான். 1968இல், 37 வயதில், பெயர் பரவத் தொடங்கியிருந்த நேரத்தில், கலையை விட்டு விலகிவிட்டார். அதன்பின் சமூகவியல் படித்தார். தொழிற்சாலைகளில் தொழிலாளியின் நேரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இந்த வரிக்கு வந்தபோது, மேசையில் கிடந்த இரண்டாவது கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

கட்டுரையோடு வந்த படங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டெல்லியில் நான் 11 ஆண்டுகள் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் என் நாற்காலிக்கு நேர் மேலே ஏ.சி. காற்றைக் கொண்டுசெல்லும் தகரக் குழாய் ஒன்று ஓடியது. ஆங்கிலச் செய்திக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காத இரவுகளில் அண்ணாந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். படத்தில் இருந்ததும் அதே சதுரக் குழாய், அதே முழங்கை வளைவு, அதே மங்கிய வெள்ளி நிறம். ஒரே வித்தியாசம், இது கூரையில் தொங்காமல் காட்சிக்கூடத் தரையில் நின்றது. அதன் வழியாக எந்தக் காற்றும் போகவில்லை.

முதல் தடை 'மினிமலிசம்' என்ற சொல். சிறுமவியம், எளிமைவாதம், குறைப்பியம் என்று என் நோட்டில் வரிசையாக எழுதி வரிசையாக அடித்தேன். 'சிறுமம்' என்றால் அளவில் சிறியது என்று தோன்றும். இவருடைய குழாய்களோ ஓர் அறையையே அடைத்துக்கொள்ளக் கூடியவை. 'எளிமை' என்றால் கதராடை நினைவுக்கு வருகிறது. 1960களில் நியூயார்க்கில் டொனால்ட் ஜட், கார்ல் ஆந்த்ரே, சோல் லெவிட் போன்றவர்கள் பெட்டி, செங்கல், கனசதுரம் என்று அப்பட்டமான வடிவங்களை மட்டும் வைத்தபோது விமர்சகர்கள் இட்ட பெயர் அது. கதை இல்லை, உருவகம் இல்லை, கைவண்ணமும் இல்லை. பொருள் பொருளாகவே நிற்கும். கடைசியில் 'மினிமலிசம்' என்றே விட்டுவிட்டேன். தமிழ் முதுகலை படித்தவன் இப்படி விடலாமா என்று என் பேராசிரியர் கேட்டிருப்பார். அவருக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். நேர், நிரை என்ற இரண்டே அசைகளை மாற்றி மாற்றி அடுக்கித்தான் நம் யாப்பு முழுவதும் நிற்கிறது என்று அவர்தான் வகுப்பில் சொன்னார். பொசெனென்ஸ்கே ஆறு துண்டுகளை வைத்துக்கொண்டு செய்ததை நான் புரிந்துகொண்டது அந்த வழியில்தான்.

ஆனால் அந்த ஆறு துண்டுகளுக்கு வந்துசேர அவருக்குப் பத்தாண்டுகள் ஆயின. அவருடைய தந்தை யூதர். நாஜிகளுக்கு அஞ்சி 1940இல் தற்கொலை செய்துகொண்டார். மகளுக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. போரின் பிற்பகுதியில் அந்தச் சிறுமி மறைந்து வாழ நேர்ந்தது. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 1950களின் தொடக்கத்தில், ஸ்டுட்கார்ட்டில் வில்லி பவ்மைஸ்டரிடம் ஓவியம் படித்தார். பவ்மைஸ்டர் 1933இல் நாஜிகளால் ஃபிராங்க்ஃபுர்ட் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். 1937இல் 'சீரழிந்த கலை' என்று கேலி செய்வதற்காகவே நாஜிகள் நடத்திய கண்காட்சியில் அவர் ஓவியங்களும் தொங்கவிடப்பட்டன. அத்தகைய ஆசிரியரிடம் அரூப ஓவியம் கற்பது அன்றைய ஜெர்மனியில் வெறும் பாணி விஷயமாக இருந்திருக்க முடியாது.

படிப்புக்குப் பின் லூபெக், டார்ம்ஷ்டாட் நகர நாடக அரங்குகளில் மேடை அமைப்பும் உடை வடிவமைப்பும் செய்தார். மேடைப் பொருள்கள் விசித்திரமானவை. நாடகம் முடிந்ததும் பிரித்து அடுக்கிவிடுவார்கள். அடுத்த நாடகத்துக்கு வேறு விதமாகப் பூட்டுவார்கள். யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. பின்னால் அவர் செய்த குழாய்களின் விதை இங்கேதான் விழுந்தது என்பது என் ஊகம்.

1956 வாக்கில் ஓவியம் வரையத் தொடங்கினார். முதலில் தூரிகைக்குப் பதில் தட்டைக் கத்தி. கொத்தனார் சாந்து பூசுவதுபோல வண்ணத்தை இழுத்து வைத்த சிறு சிறு தடங்கள். கை எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்பது அவற்றில் தெரியும். 1960களின் நடுவில் கத்தி போய், ஒட்டு நாடாப் பட்டைகள் வந்தன. பிறகு ஸ்ப்ரே. தாளின் மீது வண்ணம் மூடுபனிபோல இறங்கியது, கை தாளைத் தொடவே இல்லை. அடுத்து, ஸ்ப்ரே அடித்த தாளை மடித்தார். மடித்த இடத்தில் நிஜமான நிழல் விழுந்தது. நிழலை வரைய வேண்டிய தேவை போயிற்று. தாளுக்குப் பதில் உலோகத் தகடு வந்தது. ஓவியம் சுவரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வளைந்தது. 1967இல் அது சுவரை விட்டு இறங்கித் தரையில் நின்றது.

இந்தப் பாதையை ஒரே மூச்சில் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வோர் அடியிலும் அவர் தன் கையை விலக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கத்தியில் கை இருந்தது. நாடாவில் பாதி இருந்தது. ஸ்ப்ரேயில் காற்றுதான் இருந்தது. கடைசியில் தொழிற்சாலைக்கு வரைபடத்தைக் கொடுத்துவிட்டு விலகிவிட்டார்.

1967இல் அவர் செய்தவற்றுக்குக் கவித்துவமான தலைப்புகள் இல்லை. ஏ தொடர், பி தொடர், சி தொடர், டி தொடர். முதல் மூன்றும் வளைந்த அல்லது மடித்த உலோகத் தகடுகள். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று எண்ணிட்ட பட்டியலிலிருந்து எடுத்த தொழிற்சாலைப் பெயின்ட் அடித்தவை. டி தொடர்தான் நான் சிரித்த அந்தக் குழாய். துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, நம் ஊர்ப் பட்டறைகளில் ஜி.ஐ. ஷீட் என்பார்களே, அதுதான். அதில் ஆறு வகைத் துண்டுகள்: சதுரக் குழாய், செவ்வகக் குழாய், கனசதுரத் துண்டு, முழங்கை, 'டி' எழுத்து வடிவத் துண்டு, அகன்ற வாயையும் குறுகிய வாயையும் இணைக்கும் மாற்றுத் துண்டு. விளிம்பில் ஓட்டைகள் இருக்கும். திருகாணி போட்டு எதையும் எதோடும் பூட்டலாம். பிறகு இதையே பெட்டிகள் செய்யும் நெளி அட்டையில் நான்கு வகைத் துண்டுகளாகச் செய்தார். இரும்பு கனம், அட்டையை இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

வடிவத்தைவிட விதிகள்தான் முக்கியம். எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. விலை, செய்த செலவுதான். எப்படிப் பூட்டுவது என்பதை வாங்கியவர் தீர்மானிக்கலாம். அவரைப் பொசெனென்ஸ்கே 'ரசிகர்' என்று அழைக்கவில்லை, 'நுகர்வோர்' என்றே அழைத்தார். நியூயார்க்கின் ஜட்டும் தன் பெட்டிகளைத் தகரப் பட்டறையில் கொடுத்துத்தான் செய்வித்தார். ஆனால் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் எத்தனை அங்குலம் என்பது ஜட்டின் முடிவு. அதை மாற்ற வாங்கியவருக்கு உரிமை இல்லை. பொசெனென்ஸ்கே அந்த முடிவையும் கைவிட்டார்.

1967 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபுர்ட்டில் டோரோதெயா லோயர் என்பவரின் காட்சிக்கூடத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி நடந்தது. 'செல்லமே, இதெல்லாம் ஒருநாள் உனக்கே சொந்தமாகும்' என்பதுபோல ஒரு கிண்டலான தலைப்பு. பால் மேன்ஸ் ஏற்பாடு செய்தது. ரிச்சர்ட் லாங், யான் டிபெட்ஸ் போன்ற, பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர்கள் அதில் பங்கேற்றார்கள். பொசெனென்ஸ்கேயின் அட்டைக் குழாய்களை லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் வெள்ளை வேலை உடை அணிந்த உதவியாளர்கள் பூட்டினார்கள், கழற்றினார்கள், வேறு விதமாகப் பூட்டினார்கள். வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த பொருள் என்ன? குழாயா, அதைத் தூக்கும் ஆட்களா? என் மொழிபெயர்ப்பில் அந்தப் பத்தி மட்டும் இரண்டு நாள் பிடித்தது.

அதே ஆண்டு இறுதியில் டுசெல்டார்ஃபில் கொன்ராட் ஃபிஷர் புதிதாகத் தொடங்கியிருந்த காட்சிக்கூடத்தில் ஹானே டார்போவனோடு சேர்ந்து அவர் படைப்புகள் வைக்கப்பட்டன. அந்தக் கூடம் பின்னர் ஐரோப்பியச் சமகாலக் கலையின் முக்கிய வாசல்களில் ஒன்றாயிற்று. அவர் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை.

1968 மே மாதம் 'ஆர்ட் இன்டர்நேஷனல்' இதழில் அவருடைய சிறு அறிக்கை ஒன்று வெளியானது. தன் பொருள்கள் எப்படிப்பட்டவை, ஏன் மலிவானவை, ஏன் மாற்றத்தக்கவை என்று விளக்கிக்கொண்டே வந்தவர், முடிவில், அவசரமான சமூகப் பிரச்சினைகளின் தீர்வுக்குக் கலையால் எதுவும் செய்ய இயலாது என்பதை ஏற்பது தனக்குக் கடினமாக இருக்கிறது என்ற பொருளில் முடித்தார். காலத்தையும் பார்க்க வேண்டும். ஔஷ்விட்ஸ் முகாம் காவலர்கள் மீதான வழக்கு 1963 முதல் 1965 வரை அவர் வாழ்ந்த ஃபிராங்க்ஃபுர்ட்டில்தான் நடந்தது. மாணவர் தலைவர் ரூடி டுச்கே 1968 ஏப்ரலில் பெர்லினில் சுடப்பட்டார். மே மாத இறுதியில் நெருக்கடிநிலைச் சட்டங்கள் நிறைவேறின. ஆகஸ்டில் அவருடைய நண்பரும் சக கலைஞருமான பீட்டர் ரோயர் 23 வயதில் இறந்தார். அந்த ஆண்டோடு பொசெனென்ஸ்கே படைப்பதை நிறுத்தினார். கண்காட்சிகளுக்குத் தன் பொருள்களைத் தரவும் மறுத்தார்.

கலையை விட்டவர்கள் பலர் உண்டு. கசந்துபோய் விடுவார்கள், குடித்துவிட்டு விடுவார்கள், வேலை கிடைத்து விடுவார்கள். இவர் விட்டது வேறு மாதிரி. தன் பொருள்களைத் தொழிற்சாலையில் செய்யச் சொன்னவர், அடுத்த கேள்வியைக் கேட்கப் போனார்: அந்தத் தொழிற்சாலையில் தகடு மடிப்பவருக்கு என்ன நடக்கிறது?

அவரும், பின்னர் அவருக்குக் கணவரான புர்க்ஹார்ட் புருன்னும் சேர்ந்து எழுதிய நூல் 1979இல் வந்தது. கெடுநேரமும் வேலையின் மதிப்பும் பற்றியது. ஒரு வேலைக்கு இத்தனை நிமிடம் என்று மேலே இருந்து விதிக்கப்படும் நேரத்தைத்தான் 'கெடுநேரம்' என்கிறேன். ஜெர்மன் சொல்லுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த அளவையின் சூட்சுமம் இதுதான். ஓர் அதிகாரி கடிகாரத்துடன் தொழிலாளியின் பக்கத்தில் நிற்பார். ஒரு வேலைக்கு 50 வினாடி ஆனது என்று வையுங்கள். அதோடு விஷயம் முடிவதில்லை. 'இவர் வழக்கமான வேகத்தில் செய்தாரா?' என்று அதிகாரி மதிப்பிட வேண்டும். வழக்கத்தைவிட வேகம், 120 சதவீதம் என்று அவர் கருதினால் விதிக்கப்படும் நேரம் 60 வினாடி. வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார், 90 சதவீதம்தான் என்று கருதினால் 45 வினாடி. கடிகாரம் ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். நடுவில் ஒருவருடைய கருத்து புகுந்து 15 வினாடியைத் தீர்மானிக்கிறது. கருத்து அறிவியலின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

இதைவிட நுட்பமான முறையும் உண்டு. கை நீட்டுதல், பற்றுதல், நகர்த்துதல், பொருத்துதல், விடுதல் என்று உடலசைவுகளைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே நேரம் குறித்த அட்டவணை. அதன் அலகு ஒரு மணி நேரத்தின் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.036 வினாடி. இந்த முறையில் கடிகாரக்காரர் நேரில் வரவேண்டியதே இல்லை. சில வகைத் துண்டுகளை வைத்துக்கொண்டு எதையும் அடுக்கலாம் என்று தகரத்தில் செய்துகாட்டியவர், மனிதக் கையையும் அப்படித் துண்டுபோட்டு அடுக்கும் அட்டவணைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அந்த அளவை முறைகள் யாருடைய நலனுக்காக அப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதே நூலின் கேள்வி.

இதைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு தோழர் கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன். மணிக்கு 900 சொற்கள்! யார் பக்கத்தில் நின்று அளந்தார்? எனக்கு எத்தனை சதவீதம் போட்டார்? அன்று இரவு மனைவியிடம் அரை மணி நேரம் இதைப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அந்த அம்மாவே கையால செய்யாதீங்க, மெஷினுக்குக் குடுங்கன்னு சொன்னவங்கதானே? நீங்க மெஷின் வந்துடுச்சேன்னு அழறீங்க. அவங்க உங்க பக்கமா, கம்பெனி பக்கமா?"

பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது சரி. பொசெனென்ஸ்கே தன் கையைத் தானே விலக்கிக்கொண்டவர். அவர் பொருள்களில் கையெழுத்துக்கு மதிப்பில்லை. நானோ 20 ஆண்டுகளாக என் வாக்கியத்தில் என் கை தெரிய வேண்டும் என்று பாடுபட்டவன். 'இது இன்னார் தமிழ்' என்று நாலு பேர் சொன்னால் மகிழ்ந்தவன். அவரை என் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள நினைத்தது என் வசதிக்குத்தான்.

குழப்பத்தைத் தீர்த்தவர் அந்த வாரத்தில் தற்செயலாகக் கிடைத்தார். எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு பயிற்சி மையம் திறக்க ஏ.சி. வேலை நடந்துகொண்டிருந்தது. நடைபாதையிலேயே தகடுகளைப் போட்டு இரண்டு பேர் குழாய் செய்தார்கள். மூத்தவருக்கு 50 வயதிருக்கும். பிகாரிலிருந்து வந்தவர். தேநீர் இடைவேளையில் கைபேசியில் டி தொடரின் படத்தைக் காட்டினேன்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "மடிப்பு சுத்தமாக இருக்கிறது" என்றார். "இதில் என்ன போகும், பாய் சாஹப்?"

"ஒன்றும் போகாது."

கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் ஒழுகல் தொல்லை இல்லை."

பெரிய காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள், செய்த செலவுக்கே விற்றார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் அதற்கெல்லாம் ஆச்சரியப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மடித்தவனுக்கு என்ன ரேட் கொடுத்தார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. அவரிடமே திருப்பிக் கேட்டேன். சதுர அடிக் கணக்கு என்றார். நேர்க் குழாய்க்கும் முழங்கைக்கும் ஒரே ரேட். "நேர்க் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். முழங்கை மூன்று மடங்கு நேரம் தின்னும். ஆனால் கான்ட்ராக்டர் கணக்கில் அது வெறும் சதுர அடிதான். முழங்கை அதிகமுள்ள கட்டடம் என்றால் எனக்கு நஷ்டம்."

மாடிப்படி ஏறும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் கேட்க வேண்டிய கேள்வி யந்திரமா மனிதனா என்பது இல்லை. பொசெனென்ஸ்கே யந்திரத்தை அழைத்தபோது தன் லாபத்தை விட்டுக்கொடுத்தார், விலையைக் குறைத்தார், தீர்மானிக்கும் உரிமையை அடுத்தவரிடம் கொடுத்தார். எனக்கு வந்த கடிதத்திலும் யந்திரம் இருந்தது, விலைக் குறைப்பு இருந்தது. ஆனால் விட்டுக்கொடுத்தவன் நான் மட்டும். தீர்மானிக்கும் உரிமை அவர்களிடமே இருந்தது. யந்திரம் ஒன்றாக இருக்கலாம், கணக்கு வேறு. யாருடைய கணக்கு என்று கேட்கத்தான் அவர் தகரத்தை விட்டுவிட்டுப் புத்தகத்துக்குப் போனார்.

மறுநாள் நிறுவனத்தின் வேலை ஒன்றை எடுத்தேன். நோயாளிகளுக்கான மருந்துக் குறிப்பு. கணினியின் தமிழ் வழவழவென்று இருந்தது. சமையலறைக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆன நேரத்தைக் குறித்தேன். பெரும்பாலானவை நேர்க் குழாய்கள். 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்', ஐந்து வினாடி. 'குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்', ஐந்து வினாடி. பிறகு ஒரு முழங்கை வந்தது. மருத்துவர் சொன்னாலன்றி இந்த மருந்தை நிறுத்தக் கூடாது என்பது ஆங்கிலம். மருத்துவர் சொன்னால் இந்த மருந்தை நிறுத்தக் கூடாது என்பது கணினித் தமிழ். 'அன்றி' என்ற மூன்றெழுத்து விழுந்துவிட்டது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அதனால்தான் முதல் வாசிப்பில் நானும் கடந்து போயிருந்தேன். ஏதோ உறுத்தி, திரும்பி வந்து, ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு, அதைக் கண்டுபிடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. ஏழு நிமிடத்தில் 105 சொற்கள் முடித்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. முடித்திருந்தால், மருத்துவர் நிறுத்தச் சொல்லியும் யாரோ ஒரு பாட்டி அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பாள்.

மூன்று வாரம் இப்படிக் குறித்து, அட்டவணையாக்கி நிறுவனத்துக்கு அனுப்பினேன். கோபமான சொல் ஒன்றும் போடவில்லை. நேர் வாக்கியங்கள் இத்தனை, முழங்கை வாக்கியங்கள் இத்தனை, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரம், தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற குறிப்பு. 12 நாள் கழித்துப் பதில் வந்தது. மருந்துக் குறிப்புகளுக்கு மட்டும் மணிக்கு 500 சொற்கள், கூலியிலும் சிறு உயர்வு. மற்றவை பழையபடியே. வெற்றி என்று சொல்ல மாட்டேன். மற்றவற்றில் பாதியை நிறுத்திவிட்டேன், மாத வருமானம் குறைந்துவிட்டது. மருந்துக் குறிப்புகளைத் தொடர்ந்து செய்கிறேன்.

பொசெனென்ஸ்கேயின் நூலும் உலகத்தின் கடிகாரங்களை நிறுத்திவிடவில்லை. அவர் விட்டுவிட்டுப் போன தகரக் குழாய்கள்தான் அவரைத் தேடி வந்தன. அவர் இறந்தபின் புருன் அவற்றை மீண்டும் வெளியே கொண்டுவந்தார். 2007இல் காஸல் நகரின் 12ஆவது டாக்குமென்டா கண்காட்சியில் அவை இடம்பெற்றன. 2010இல் நியூயார்க்கின் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ் கூடத்தில், கண்காட்சி நடக்கும்போதே வேறு கலைஞர்களைக் கொண்டு குழாய்களைக் கழற்றி மாற்றிப் பூட்டினார்கள். 2019இல் நியூயார்க் அருகே டியா பீக்கன் அருங்காட்சியகம் அவருடைய பணி முழுவதையும் காட்டும் பெரிய கண்காட்சியை நடத்தியது. அது பிறகு பார்சிலோனாவுக்கும் டுசெல்டார்ஃபுக்கும் லக்சம்பர்க்குக்கும் போயிற்று. அவர் வகுத்த விதிப்படி, அந்தத் துண்டுகள் அவர் இறந்த பின்னும் புதிதாகச் செய்யப்பட்டு வந்திருக்கின்றன. மூலம் எது, நகல் எது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

கலை எதற்கும் உதவாது என்று விலகியவரின் கலைதான் நினைவில் நிற்கிறது, ஆகவே அவர் முடிவு தவறு என்று சில விமர்சகர்கள் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நூல் இல்லாவிட்டால் குழாய்கள் எனக்கு வெறும் வேடிக்கையாகவே இருந்திருக்கும். பிகார்க்காரர் கேட்ட கேள்வியை அவர் அவருக்கு முன்பே கேட்டுவிட்டார் என்பதால்தான் அந்தத் தகரத்தின் மேல் எனக்கு மரியாதை.

ஐந்து மாதம் கழித்துச் சிற்றிதழின் ஐந்து பிரதிகள் வந்தன. படங்கள் நன்றாக அச்சாகியிருந்தன. கட்டுரையின் அடியில் மொழிபெயர்ப்பாளர் பெயர் விடுபட்டிருந்தது. ஆசிரியர் அன்று மாலையே போன் செய்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"பெயர் பரவாயில்லை சார்" என்றேன். "இந்தக் கட்டுரைக்கு 19 நாள் ஆச்சு. முடிஞ்சா அதைப் போடுங்க."